பல்செட்டின் உள்பக்கம்

இரவு ஒன்பதரைக்கு அம்மா பல்செட்டைக் கழற்றுவார். முகம் கழுவும் தொட்டியில் முதலில் பாதி அளவு தண்ணீர் பிடித்துக்கொள்வார். கை நழுவினாலும் தண்ணீரில் விழட்டும் என்று. கீழ்ச்செட்டைக் கழுவி எவர்சில்வர் டபராவில் போட்டபின் மேல்செட் வரும். மெத்தென்ற பிரஷ்ஷில் கொஞ்சம் சோப்புத் தொட்டு வெளியே, உள்ளே, ஓரம் என்று தேய்த்து அலசி, டபராவில் போடுமுன் ஒருமுறை மல்லாத்தி விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். பருக்கை ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வைதான். அந்த ஒரு நொடிக்காகவே நான் பல நாள் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன்.

பல்செட் என்றதும் மனதில் வருவது வெள்ளைப் பல்வரிசை. ஊரார் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் அதன் அழகெல்லாம் உள்பக்கத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. வெளிப்பக்கம் முழுவதும் பியூமிஸ் பொடி போட்டுத் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றியது. உள்பக்கத்தை யாரும் மெருகேற்றுவதில்லை, ஏற்றவும் கூடாது. அங்கே அம்மாவின் வாய் அப்படியே பதிந்திருக்கிறது. முன்பற்களுக்குப் பின்னால் நட்டநடுவே ஒரு சிறு குழி. ஒரு உளுந்து உட்காரலாம். அதிலிருந்து இரண்டு பக்கமும், ஆற்று மணலில் காற்றுப் போட்ட வரிபோல் மூன்று நான்கு பள்ளங்கள் சாய்ந்து ஓடும். நடுவே நீளவாக்கில் மெல்லிய தையல்போல் ஒரு கோடு. உங்கள் நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள், அதே வரிகள் தட்டுப்படும். அவை ஆளுக்கு ஆள் வேறு. விபத்தில் சிதைந்த உடல் யாருடையது என்று கண்டறியக்கூட அந்த வரிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு.

பொய்ப்பல் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எங்கள் கொங்குப் பக்கம் ‘பல்லுக் கட்டறது’ என்பார்கள். வீடு கட்டுவதும் மாலை கட்டுவதும் மெட்டுக் கட்டுவதும் எந்த வினையோ, அதே வினை. பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதுதான் சரியான சொல்.

அம்மாவின் 68வது வயதில் கடைசி ஐந்து பற்களையும் எடுத்தார்கள். சர்க்கரையும் ஈறு நோயும் சேர்ந்து அவற்றை ஆட்டிவிட்டிருந்தன. புண் ஆறி, எலும்பு ஓரளவு படியட்டும் என்று இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார் டாக்டர். அந்த இரண்டு மாதமும் குழைந்த அரிசிம்பருப்புச் சாதம், ரசம், ஊறவைத்த இட்லி. பரணில் கிடந்த பாட்டியின் வெற்றிலை உரல் கீழே இறங்கியது. வறுத்த நிலக்கடலையை அதில் இடித்துத் தூளாக்கித் தின்றார். அம்மாவுக்குக் கடலை இல்லாத மாலை நேரம் கிடையாது. பேசும்போது மட்டும் சேலைத் தலைப்பு தானாக வாய்க்கு வந்துவிடும். பேச்சும் குறைந்துபோயிற்று.

கோவையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். மேற்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர் ஒருவர், பெண், எங்களுக்கு வாய்த்தார். ஐந்தாறு தடவை வரவேண்டியிருக்கும் என்றார் முதல் நாளே. பல் கட்ட ஐந்தாறு தடவையா என்று எனக்கு அன்று தோன்றியது உண்மை. இன்று யோசித்தால், இவ்வளவு வேலையை அத்தனை குறைந்த தடவைகளில் எப்படி முடித்தார்கள் என்று தோன்றுகிறது.

முதல் அளவு ஆல்ஜினேட் என்ற பொடியில். தண்ணீர் விட்டு ரப்பர் கிண்ணத்தில் கரகரவென்று கிளறிக் கரண்டிபோன்ற தட்டில் நிரப்பி வாயில் வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் கெட்டிப்பட்டுவிடும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள் அது. அந்த வகைப் பாசி மன்னார் வளைகுடாவிலும் வளர்கிறது, மண்டபம் பக்கம் அதைச் சேகரிக்கிறார்கள். முன்பெல்லாம் அகர் என்ற இன்னொரு பாசிப் பொருளில் அளவெடுத்தார்களாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றுபோக, அதற்கு மாற்றாகத்தான் ஆல்ஜினேட் வந்தது. கடல் எப்படியோ வாய்க்குள் வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆனால் முதல் அளவு வெறும் முன்னோட்டம். அதை வைத்து அம்மாவின் வாய்க்கென்றே தனித்தட்டு ஒன்று செய்தார்கள். இரண்டாவது தடவைதான் நான் வியந்து உட்கார்ந்த நாள். டாக்டர் பச்சை நிறத்தில் மெழுகுவத்திபோல ஒரு குச்சியை எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டி இளக்கினார். தனித்தட்டின் விளிம்பில் ஒரு விரற்கடை நீளத்துக்கு அதைப் பூசி, வெந்நீரில் நனைத்துச் சூடு தணித்து, வாயில் வைத்தார். "அம்மா, உதட்டைக் குவிச்சு ‘ஊ’ சொல்லுங்க. இப்ப ‘ஈ’ன்னு இளிங்க. வாயை நல்லாத் திறங்க" என்றார். கன்னத்தைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் இழுத்தார். எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டார். அடுத்த விரற்கடை. மறுபடி ஊ, ஈ. இப்படியே விளிம்பு முழுக்கச் சுற்றி வந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அவர் செய்துகொண்டிருந்தது என்னவென்று பிறகு புரிந்தது. பல்செட்டின் விளிம்பு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் போய் முடிகிறது. விளிம்பு நீண்டால், பேசும்போதும் சிரிக்கும்போதும் கன்னத் தசை அதை இடித்துத் தள்ளிவிடும்; குறுகினால் காற்று நுழைந்து பிடி போய்விடும். எங்கே நிற்க வேண்டும் என்பது அம்மாவின் தசைகளுக்கு மட்டுமே தெரியும். ஆகவே அந்த விளிம்பை டாக்டர் செதுக்கவில்லை. இளகிய மெழுகை வைத்துவிட்டு அம்மாவின் உதடும் கன்னமும் நாக்கும் செதுக்க விட்டார். மேலுதட்டின் உள்நடுவில் ஒரு மெல்லிய நாண் இருக்கிறதல்லவா, அது அசைந்த இடத்தில் விளிம்பு தானாகவே வெட்டுப்பட்டு ஒரு பிளவு விழுந்தது. அம்மாவின் மேல்செட்டில் இன்றைக்கும் அந்தப் பிளவு இருக்கிறது, கிளி கொத்தியதுபோல. 68 வருடம் பேசி, ஊதி, குலவையிட்ட வாயின் அசைவுக்கு அதுவே எல்லை.

கடைசியாக, அந்தத் தட்டில் அளவெடுக்கத் துத்தநாகப் பசை. அதில் கிராம்பு எண்ணெயின் சத்து கலந்திருக்கிறது. அறை முழுவதும் பல்வலிக்கு வீட்டில் வைக்கும் மருந்தின் வாசனை. பல்லே இல்லாத வாயில் பல்வலி மருந்தின் மணம் வந்ததை அம்மாவும் கவனித்தார். "எங்கம்மா வெக்கறது இதுதானுங் கண்ணு" என்றார் டாக்டரிடம்.

அதே நாளில் இன்னொரு நுட்பம் நடந்தது. ‘ஆ’ என்று விட்டுவிட்டுச் சொல்லச் சொன்னார். சொல்லும்போது அண்ணத்தின் பின்பகுதி, மெத்தென்ற பகுதி, மேலே எழும்பித் துடிக்கும். அசைகிற இடமும் அசையாத இடமும் சந்திக்கும் கோட்டில் அழியாத பென்சிலால் ஒரு கீறு போட்டார். மேல்செட் அந்தக் கோட்டில் முடியும். பிளாஸ்டரில் வார்த்த அச்சில் அந்தக் கோட்டை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுரண்டிவிடுவார்கள். சுரண்டிய இடம் செட்டில் மெல்லிய மேடாக வரும். அது மெத்தென்ற சதையில் லேசாக அமிழ்ந்து காற்றை அடைக்கும். மேல்செட்டை மல்லாத்தினால் பின்னோரத்தில் அந்த மேடு தெரியும். விரலால் தடவினால்தான் தெரியும் என்பது இன்னும் சரி.

மேல்செட் ஏன் விழுவதில்லை என்று கேட்டால் பெரும்பாலோர் பசை போட்டு ஒட்டுகிறார்கள் என்பார்கள், அல்லது உறிஞ்சிப் பிடிக்கிறது என்பார்கள். அதைத் தாங்குவது எச்சில். செட்டுக்கும் அண்ணத்துக்கும் இடையே மிக மெல்லிய எச்சில் படலம் ஒன்று நிற்கிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்க வராதே, அந்தப் பிடி. படலம் எவ்வளவு மெல்லிதோ அவ்வளவு வலிமை. அதனால்தான் உள்பக்கம் ஒவ்வொரு வரிக்கும் ஒத்துப்போக வேண்டும். இடைவெளி விழுந்தால் படலம் தடிக்கும், தடித்தால் பிடி தளரும். மெருகேற்றக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்; தேய்த்தால் வரி அழியும். வாய் உலர்ந்தவர்களுக்குப் பல்செட் பெருந்துன்பம். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மாத்திரைகள் எச்சிலைக் குறைத்துவிடும். அப்படி மாத்திரை எடுப்பவர்கள் அளவு கொடுக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இந்த எச்சில் பிடியை நம்பி முதன்முதல் செய்தவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும். ஜப்பானில் வகயாமாவில் ஒரு கோயிலைச் சேர்ந்த புத்த பிக்குணி 1538இல் மறைந்தார். அவர் அணிந்த மேல்செட் இன்றும் இருக்கிறது, முழுக்க மரம். இறுக்கமான நார் கொண்ட ஒரே கட்டையில் பல், ஈறு, அண்ணம் எல்லாம் செதுக்கியது. புத்தர் சிலை செதுக்கிய சிற்பிகளே இந்த வேலைக்கும் வந்தார்கள் என்று கருதுகிறார்கள். வாயில் செந்நிறச் சாயம் தடவி, மரத்தை வைத்துப் பார்த்து, சாயம் ஒட்டிய இடத்தை மட்டும் சீவி, மறுபடி வைத்துப் பார்த்து என்று பொருத்துவார்களாம். அதற்கு இருநூற்றைம்பது வருடம் கழித்து, 1789இல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்ற ஜார்ஜ் வாஷிங்டனுக்கு வாயில் ஒரே ஒரு பல்தான் மிச்சம். ஜான் கிரீன்வுட் என்பவர் நீர்யானைத் தந்தத்தில் அவருக்குச் செட் செய்தார். அந்த ஒற்றைப் பல் நுழைய அதில் ஒரு துளையும் விட்டார். மேலும் கீழும் விலகி நிற்க நடுவே சுருள்கம்பி. வாயை மூடி வைத்திருக்கவே அந்த மனிதர் தாடையை இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காலத்து உருவப்படங்களில் அவர் உதடு ஏன் அப்படி அழுந்தியிருக்கிறது என்பது இதைப் படித்தபின் எனக்கு விளங்கியது. மரத்தில் செதுக்கிய அந்தச் சிற்பிக்கு உள்பக்கத்தின் அருமை தெரிந்திருந்தது. எனக்கு அவர்மேல்தான் பிரியம்.

மூன்றாவது தடவை மெழுகு. பல் வரவேண்டிய இடத்தில் லாடம்போல் வளைந்த மெழுகுத் திண்டு ஒன்று மேலே, ஒன்று கீழே. வாயில் வைத்ததும் அம்மாவின் கன்னம் எழும்பியது. உதடு வெளியே வந்தது. மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவே தொலைந்துபோயிருந்த உயரம் திரும்பி வந்தது. டாக்டர் மூக்கு நுனியிலும் மோவாயிலும் ஒரு புள்ளி வைத்து, "‘ம்’முனு சொல்லிட்டுச் சும்மா இருங்க அம்மா" என்றார். ‘ம்’ சொன்னபின் தாடை தன் இயல்பான இளைப்பாறலுக்கு வருகிறது. அப்போது புள்ளிகளுக்கு இடையே அளந்தார். பிறகு மெழுகைக் கடிக்கச் சொல்லி அளந்தார். கடித்த உயரம் ஓய்வு உயரத்தைவிட இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது நம் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. அந்த நூலிழை இடைவெளி இருந்தால்தான் தாடைக்கு ஓய்வு. இடைவெளி இல்லாமல் கட்டினால் பேசும்போதெல்லாம் பல் ‘டக் டக்’ என்று இடிக்கும். அதிகம் விட்டால் முகம் மறுபடி சுருங்கி, உதட்டோரம் மடிந்து புண்ணாகும். அந்த அளவைக் கண்டுபிடிக்க ஒரு ‘ம்’ போதுமாயிருந்தது.

தாடையைச் சரியான இடத்தில் மூட வைக்க டாக்டர் சொன்னது இன்னும் பிடித்தது. "நாக்கு நுனியை மேல மடிச்சு, எவ்வளவு பின்னால போகுமோ அவ்வளவு பின்னால கொண்டு போங்க. அப்படியே கடிங்க." ழகரம் சொல்லப் போகிறவர் சொல்லாமல் இன்னும் பின்னே போனால் எப்படியோ, அப்படி. நாக்கு மடங்கியதும் கீழ்த்தாடை தானாகப் பின்வாங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது. ‘முன்னால் நீட்டாதீர்கள்’ என்று நூறு தடவை சொன்னாலும் நடக்காத காரியம் அது.

பிறகு பல் தேர்வு. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள்: "நல்ல வெள்ளையாப் போடுங்க" என்பார்கள். அம்மாவும் அதையே சொன்னார். டாக்டர் நிறக்கோலை எடுத்தார்; விசிறிபோல் பல நிறத்தில் மாதிரிப் பல் கோத்தது. ஏ என்றால் செம்பழுப்புச் சாயல், பி செம்மஞ்சள், சி சாம்பல், டி சிவப்போடிய சாம்பல். ட்யூப் லைட்டை விட்டு ஜன்னலோரம் அழைத்துப் போய், மாதிரிப் பல்லை ஈரமாக்கி, உதட்டுக்கு உள்ளே நிழலில் வைத்துப் பார்த்தார். ஐந்தாறு நொடிதான் பார்ப்பார், உடனே கண்ணை எடுத்துவிடுவார். அதற்குமேல் பார்த்தால் கண் களைத்து எல்லாம் ஒன்றாகத் தெரியுமாம். ஏ3 என்று முடிவாயிற்று. அம்மாவின் கறுத்த நிறத்துக்கும் வயதுக்கும் அந்த மஞ்சள் ஓடிய வெண்மைதான் அமைதியாக இருந்தது. வெள்ளையிலும் வெள்ளை என்பது சலவைத் துணிக்கு அழகு. வாய்க்கு அழகு, வந்த மாதிரி தெரியாமல் இருப்பது.

"பழைய போட்டோ ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார் டாக்டர். அம்மாவின் படங்களில் சிரிப்பே அபூர்வம். தேடி, என் அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்த ஒன்று கிடைத்தது. அதில் மேல்வரிசையில் இடது பக்கத்து இரண்டாம் பல், பக்கத்துப் பல்மேல் நூலளவு ஏறி, லேசாகத் திரும்பியிருந்தது. நான் சின்ன வயதிலிருந்து பார்த்த பல். ஆனால் டாக்டர் விரல் வைத்துக் காட்டும்வரை அதை நான் கவனித்ததே இல்லை.

லேபில் டெக்னீஷியன் மெழுகில் பல் நட்டதை ஒரு நாள் பார்க்க விட்டார்கள். மேலே 14, கீழே 14, ஞானப்பல் வைப்பதில்லை. நடுப்பல்லை எங்கே வைப்பது? பல் போய்விட்டது, ஆனால் முன்பல்லுக்குப் பின்னால் இருந்த அந்தச் சிறு சதைமேடு, செட்டில் உளுந்துக் குழியாகப் பதிவது, அது போகவில்லை. அதன் நடுவிலிருந்து எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் முன்னால் நடுப்பல்லின் முகம் வரவேண்டும். கோரைப்பல்லின் இடத்தை மூக்கின் அகலம் சொல்லும். நடுக்கோட்டை மேலுதட்டுப் பள்ளம் சொல்லும். பல் வரிசையின் சாய்வைக் காதுக்கும் மூக்குச் சிறகுக்கும் இடையே இழுத்த கோடு சொல்லும். பற்கள் போனபின்னும் அவை நின்ற இடத்துக்கு முகமெல்லாம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நடுப்பல்லும் கோரைப்பல்லும் ஒரே மட்டத்தைத் தொட, இடையில் உள்ள பல்லை மட்டும் அரை மில்லிமீட்டர் மேலே தூக்கி வைத்தார் அவர். அந்தச் சிறு தூக்கல் இல்லாவிட்டால் வரிசை மதில்சுவர்போல் ஆகிவிடும். இடது பக்கம் வந்தபோது போட்டோவைப் பார்த்துக்கொண்டார். சூடாக்கிய கத்தி நுனியால் மெழுகை இளக்கி, அந்தப் பல்லை ஒரு சிட்டிகை திருப்பினார். போதாது என்று மறுபடி ஒரு சிட்டிகை. பிறகு ஈறுக்கான மெழுகில் பழைய பல்பிரஷ்ஷின் நுனியால் குத்திக் குத்தி ஆரஞ்சுத் தோல்போல் நுண்புள்ளி வைத்தார்; நல்ல ஈறு அப்படித்தான் இருக்கும், வழவழப்பாக இராது. அவருடைய மேசையில் அப்படி ஏழெட்டு வாய்கள் காத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகம்.

மெழுகுப் பல்லை வாயில் வைத்துப் பேச்சுச் சோதனை. ஏதாவது எண் சொல்லச் சொன்னார் டாக்டர். அம்மாவுக்கு அது ஒட்டவில்லை. வெள்ளகோவிலில் பிறந்து கோவையில் வாழ்க்கைப்பட்டவர். ஐம்பது வருடமாகப் போய்வரும் வழி ஒன்று உண்டு. கண்டக்டர் கூவுகிற கணக்கில் ஆரம்பித்துவிட்டார்: "சூலூர், பல்லடம், பொங்கலூர், காங்கயம், வெள்ளகோவில், தென்னிலை, கரூர்." டாக்டர் எழுந்து நின்று, "இதைவிட நல்ல வரிசை எனக்குக் கிடைக்காது, மறுபடி சொல்லுங்க அம்மா" என்றார்.

ஏன் என்று பிறகு நான் எண்ணிப் பார்த்தேன். சூலூரின் சகரத்தில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் மிக நெருங்கி, ஆனால் தொடாமல் நிற்கும். உயரம் தப்பாக இருந்தால் அங்கே இடிக்கும். பல்லடத்துப் பகரத்தில் உதடுகள் வலியாமல் சேர வேண்டும்; டகரத்தில் நாக்கு மடங்கி அண்ணத்தைத் தட்ட, செட்டின் தடிமன் அங்கே தெரிந்துவிடும். வெள்ளகோவிலில் இரண்டு வகரம். மேற்பல்லின் நுனி கீழுதட்டில், ஈரமும் உலர்வும் சந்திக்கும் கோட்டில் பட்டும் படாமலும் உட்கார்ந்தால்தான் வகரம். தென்னிலையின் தகரத்துக்கு நாக்கு நுனி விரிந்து மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் இதெல்லாம் இருக்கிறது: தகர நகரங்களுக்கு மேற்பல்லின் அடி, வகரத்துக்குப் பல்லும் இதழும் என்று எழுத்துப் பிறக்கும் இடத்தை அங்கே வகுத்திருக்கிறார்கள். கல்லூரியில் படித்தபோது அது எனக்கு மனப்பாடப் பகுதி. அம்மாவின் மெழுகுப் பல்லில் அது உயிரோடு நின்றது. முதல் தடவை வெள்ளகோவிலில் வகரம் கொஞ்சம் பகரமாக விழுந்தது. டாக்டர் முன்பற்களை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினார். இரண்டாம் தடவை அம்மாவின் பிறந்த ஊர் சரியாக வந்தது.

அடுத்து மெழுகு போய்ப் பிளாஸ்டிக் வர வேண்டும். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மெழுகுச் செட்டைப் பிளாஸ்டரில் புதைத்து, கொதிநீரில் மெழுகை ஓடவிட்டு, அது விட்டுப்போன வெற்றிடத்தில் அக்ரிலிக்கை நிரப்புகிறார்கள். பொடியும் திரவமும் கலந்து புரோட்டா மாவுபோல் பதம் வந்ததும் அடைத்து, அழுத்தி, தண்ணீரில் வேகவைக்க வேண்டும். அவசரம் கூடாது. அந்தத் திரவம் நூறு டிகிரியில் கொதித்துவிடும். மளமளவென்று சூடேற்றினால் உள்ளே குமிழி விழுந்து செட் வலுவிழக்கும். மெல்லச் சூடாக்கி, மெல்ல ஆறவிட வேண்டும். இளஞ்சிவப்புப் பொடியில் தூசிபோல் செந்நிற நார்கள் கலந்திருக்கின்றன. ஈறில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய் சாயலுக்காக. அம்மாவின் செட்டை வெயிலில் பிடித்தால் அந்த நார்கள் தெரியும். பேசும்போது யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்துக்கும் அவற்றை வைத்திருக்கிறார்கள்.

போட்ட முதல் வாரம் கஷ்டம்தான். வாய் அதைத் தின்பண்டம் என்று நினைத்து எச்சிலாக ஊறியது. நாக்குக்கு இடம் போதவில்லை. இரண்டாம் நாள் கீழ் ஈறில் ஒரு புண். டாக்டர் உள்பக்கத்தில் வெள்ளைப் பசை தடவி வாயில் வைத்து எடுத்தார். அழுத்துகிற இடத்தில் பசை விலகிச் சிவப்புத் தெரிந்தது. அதை மட்டும் நகக்கண் அளவு சீவினார். அந்த ஜப்பானியச் சிற்பி செய்த அதே வேலை. இப்படி மூன்று தடவை. வலித்தால் வீட்டில் கத்தி கொண்டு சுரண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், உடைந்தால் கடைப் பசை போட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கெட்டுப்போன உள்பக்கத்தை மீட்பது அரிது.

கீழ்ச்செட் வேறு கதை. மேலே அண்ணம் முழுவதும் தாங்கும், சராசரியாக 23 சதுர சென்டிமீட்டர். கீழே நாக்குக்கு வழிவிட்ட லாடம்தான், 12 அளவு. எச்சில் பிடி அங்கே போதாது. அதைப் பிடித்து வைத்திருப்பது நாக்கும் கன்னமும். அம்மாவின் நாக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒன்றரை மாதம் ஆயிற்று. முதலில் கொட்டாவி விட்டால் மிதந்து எழும்பும். பிறகு ஒரு நாள் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. நாக்கின் இரு ஓரமும் தாமாகவே அதன்மேல் சாய்ந்து உட்காரப் பழகிவிட்டிருந்தன.

சாப்பாட்டில்தான் அம்மாவின் கைவண்ணம். செட் கட்டியவரின் கடிவிசை இயற்கைப் பல்லில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான். முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் கிளம்பிவிடும். ஆகவே முருங்கைக்காயைப் பல்லால் உருவ முடியாது. விரலால் பிளந்து உள்சதையைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துக் குழம்புச் சோற்றில் பிசைந்துகொள்கிறார். ஆப்பிளைக் கீற்றாக நறுக்கிக் கடைவாயில் வைக்கிறார். எதையும் இரண்டாகப் பிரித்து இடது பக்கம் பாதி, வலது பக்கம் பாதி என்று ஒரே நேரத்தில் மெல்கிறார். தராசுத் தட்டுகள்போல் இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருந்தால் செட் அசையாது. தட்டுவடை, ரசத்தில் ஊறினால் சரி. கொய்யாவும் எள்ளுருண்டையும் இன்னும் எதிரிகள். ஒரு விதை அடியில் போனாலும் ஈறில் முள்ளாகக் குத்தும். சூடு விஷயத்தில் மட்டும் நான் கவலைப்பட்டேன். அண்ணம் மூடியிருப்பதால் காப்பியின் சூடு அங்கே தெரியாது. தொண்டைக்குப் போனபின்தான் சுடும். இப்போது டம்ளரைக் கீழுதட்டில் ஒரு நொடி வைத்துப் பார்த்துவிட்டுக் குடிக்கிறார். நிலக்கடலை மூன்றாவது மாதத்தில் திரும்பி வந்தது. வெற்றிலை உரல் பரணுக்குப் போகவில்லை. சமையலறையில் ஏலக்காய் தட்ட வைத்துக்கொண்டார்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் ஒன்றும் தவறக் கூடாது. டூத்பேஸ்ட் ஆகாது, அதிலுள்ள பொடி அக்ரிலிக்கைக் கீறும், கீறலில் அழுக்கும் கிருமியும் குடியேறும். கொதிநீர் ஆகாது, வளைந்துவிடும். உலரவும் விடக்கூடாது, இரவு முழுவதும் தண்ணீரில் கிடக்க வேண்டும். செட்டைக் கழற்றியபின் ஈறையும் நாக்கையும் மெத்தென்ற பிரஷ்ஷால் தடவிக் கழுவ வேண்டும். செட்டோடு தூங்குகிறவர்களுக்கு அண்ணம் சிவந்து பூஞ்சை படர்வதுண்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் எளிதாக. பகலெல்லாம் மூடிக் கிடந்த சதைக்கு ஆறு ஏழு மணி நேரமாவது காற்றும் எச்சிலும் பட வேண்டும். ஆரம்பத்தில் அம்மா இரவில் கழற்ற மறுத்தார். பொக்கை வாயோடு தூங்குவதை யாராவது பார்த்துவிட்டால் என்ற கூச்சம். அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. வீட்டில் நானும் என் மனைவியும் பேரனும்தான். பேரன்தான் ஒரு நாள் டபராவைத் தன் கையால் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்து, "அம்மாயி, இதுல போடுங்க, நான் மூடி வெக்கறேன்" என்றான். அம்மாயி என்பது தாய்வழிப் பாட்டியைச் சொல்வது, தன் அம்மாவைப் பெற்றவரிடம் பழகிய வாய் இங்கேயும் அதையே சொல்லிவிட்டது. அன்றிலிருந்து கழற்றுகிறார்.

போன சித்திரையில் மேல்செட் ஆட ஆரம்பித்தது. செட்டில் குறை இல்லை. பல் போன தாடை எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். கீழ்த்தாடை மேல்தாடையைப் போல நான்கு மடங்கு கரையும் என்பது 1970களிலேயே நீண்டகால ஆய்வில் தெரிந்த விஷயம். அச்சு அப்படியே இருக்க, அச்சுக்குரிய இடம் மாறிவிடுகிறது. அதற்குத்தான் வருடம் ஒருமுறை காட்டச் சொல்கிறார்கள். பழைய டாக்டர் படித்து முடித்துப் போயிருந்தார். வேறொரு இளைஞர் பார்த்தார். புது செட் வேண்டாம், உள்பக்கம் மட்டும் புதிதாக வார்த்துக்கொள்ளலாம் என்றார். அம்மாவின் செட்டையே தட்டாக வைத்து அளவெடுத்தார்கள். மறுபடி ஊ, மறுபடி ஈ.

வந்த செட்டை நான் முதலில் மல்லாத்திப் பார்த்தேன். ஈறு உட்காரும் வாய்க்கால் முன்பைவிடக் குறுகி, ஆழம் குறைந்திருந்தது. மணல் வரிகள் மாறவில்லை. உளுந்துக் குழி அதே இடத்தில் இருந்தது. வெளியே, இடப்பக்கத்து இரண்டாம் பல் அதே நூலளவில் திரும்பி நின்றது.

அம்மா போட்டுக்கொண்டு நாக்கால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். "ஏதாவது பேசுங்கம்மா" என்றார் டாக்டர். அம்மா சூலூரில் ஆரம்பித்தார். காங்கயம் தாண்டி, வெள்ளகோவிலை நிறுத்திச் சொல்லி, தென்னிலைக்கு வந்ததும் டாக்டர் "போதும்மா, நல்லா இருக்கு" என்றார். அம்மா கரூர்வரைக்கும் போய்த்தான் நிறுத்தினார்.